பிரேக் காற்றில் ஊதிய ஹாரன்

என் வீட்டுக்காரர் லாரி எடுத்துப் போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஹாரன் வந்த பிறகு பயம் இன்னும் கூடியது.

பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்துப் பொருத்திய ஹாரன் அது. அறுபதுகளில் ஒரு ஐப்பசியில் எப்.சி. சோதனைக்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"யோவ், இது வண்டிய நிறுத்துற காத்துய்யா. நீ ஊதிக்கினே போனா பிரேக்குக்கு இன்னா மிஞ்சும்? சட்டப்படி இதுல வேற எதையும் மாட்டக் கூடாது. கழட்டு."

இவர் கழற்றினார். சர்டிபிகேட் கைக்கு வந்த மறுநாளே திரும்ப மாட்டினார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? சண்டை போட்டு ஓய்ந்துபோனேன். அன்றிலிருந்து தினமும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த மனுஷனைக் காப்பாற்றும்" என்று அழுதேன். பதிலே இல்லை.

அடுத்து வந்த தை மாதம். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி விழுப்புரம் திரும்பினோம். நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் மாட்டு வண்டிகள். இவர் ஹாரனை விடவே இல்லை. காற்றைக் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏங்க, முள்ளப் பாருங்க."

"சும்மா இரு. பேஜாரு பண்ணாத."

ஒரு இறக்கம். கீழே ரயில்வே கேட் மூடியிருந்தது. அதன் முன்னால் ஜனம் நிறைந்த பஸ். இவர் பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். முகம் செத்துப்போனது.

"புடிக்கலடி!"

கியரைக் குறைத்தார், கைபிரேக்கை இழுத்தார். பாரம் தள்ளிக்கொண்டே போனது. பஸ் ஜன்னலில் ஒரு குழந்தையின் கை தெரிந்தது. எனக்கு ஜெபமே வரவில்லை. "ஆண்டவரே, நிறுத்தும்! நிறுத்தும்!" என்று அலறினேன்.

பஸ்ஸை எட்டுவதற்குச் சற்று முன்னால், வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று குடியானவர்கள் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பி, ஓரத்தில் இடுப்புயரம் குவித்திருந்தார்கள். இவர் தினமும் வாய்க்கு வந்தபடி திட்டுகிற குவியல். அதற்குள் வண்டியைத் திருப்பினார். கொடி சக்கரத்தில் சுற்றியது. இன்ஜின் முனகியது. பஸ்ஸை ஒட்டி வந்து லாரி நின்றது.

"எங்க கொள்ளெல்லாம் பூடுச்சே!" என்று திட்டிக்கொண்டு ஓடிவந்தாள் ஒரு அம்மா. ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுகிற இவரைப் பார்த்ததும், "போவட்டும், இந்தா, தண்ணி குடிப்பா" என்றாள்.

அங்கேயே இவர் அந்தக் குழாயைப் பிடுங்கி, தொட்டியை அடைத்தார். அதன் பிறகு கையால் அமுக்குகிற ரப்பர் ஹாரன்தான். ரோட்டில் பயிர் பரப்புவதும் சட்டப்படி குற்றம்தானாம். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கொள்ளுச் செடியைக் கண்டால் இவர் ஊத மாட்டார். குடியானவர்கள் கேட்டால் வண்டியைப் பின்னால் எடுத்து வந்து இன்னொரு தரம் மிதித்துக் கொடுப்பார்.

உங்கள் கண்ணீருக்கும் பதில் வரவில்லையா? சோர்ந்துபோகாதீர்கள், அவரை நம்புங்கள். அந்த ஐப்பசியில் நான் அழத் தொடங்கியபோதே, யாரோ ஒரு குடியானவர் தன் நிலத்தில் கொள்ளு விதைத்துக்கொண்டிருந்தார்.