வேலைநிறுத்தத்துக்கு நான் கட்டிய பிரீமியம்

கீழ் வீட்டு சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரவில்லையென்றாலும் சரி, உலகப் பொருளாதாரம் சரிந்தாலும் சரி, முதலில் அவருக்குத்தான் காரணம் தெரியும். என் கணவர் வேலைநிறுத்தத்தில் இறங்கிய மூன்றாவது வாரம், செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"வெளிநாட்டுல ஏதோ ஊர்ல ஸ்ட்ரைக் பண்றவங்களுக்கும் வேலையில்லாதவங்களுக்கான இன்சூரன்ஸ் குடுக்கணும்னு பேசறாங்க. அந்தச் செலவை யார் சார் ஏத்துக்கறது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கற கதையா இருக்கே!"

"கம்பெனி ஏத்துக்கட்டும்" என்றார் என் கணவர். "கம்பெனி விலையை ஏத்தும், அது என் தலையில விழும்" என்றார் சார். சார் தம் காலத்தில் வங்கியில் செய்த வேலைநிறுத்தங்கள் எல்லாம் வெள்ளியிலோ திங்களிலோதான் வருமாம். குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டு வருவாராம். அதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம்.

என் கணவருக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பத்தொன்பது வருடப் பழக்கம் லேசில் போகுமா? வேலைநிறுத்தத்திலும் விடிகாலையில் சீருடை போட்டுக்கொண்டு, இரும்புலியூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நிற்பார். பஸ் வந்ததும் ஏறாமல் முறைப்பார். பிறகு பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் ஏறிப் போராட்டப் பந்தலுக்குப் போவார். நான் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு மட்டும் இப்போது பந்தலில் நான்கு பேருக்கு. ஒருநாள் அவருடைய நண்பர் போன் செய்து, "அண்ணி, காரக்கொழம்பு சூப்பரா கீது, நாளைக்கு இன்னா?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார், பாவம்.

சார் கிளப்பிவிட்ட பேச்சில் என் கணவருக்கு ஆசை வந்துவிட்டது. நமக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று இன்சூரன்ஸ் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த ஊழியர் தங்கமான மனிதர். நிதானமாகக் கேட்டார்.

"வேலை போயிடுச்சா சார்?"

"இல்ல."

"அப்ப வேலை இருக்கு."

"இருக்கு. ஆனா போகல."

"சம்பளம்?"

"வரல."

அவர் உச்சுக்கொட்டினார். "வேலை போனப்புறம் வாங்க சார், பார்க்கலாம்."

நான் சும்மா இருக்கவில்லை. "நானா வேலைய விட்டா, எனக்குக் கிடைக்குமா?" என்றேன். "நீங்களா விட்டா கிடையாதும்மா. அவங்களா அனுப்பணும்" என்றார். வேலையை விடாதவருக்கும் இல்லை, விட்டவளுக்கும் இல்லை. இருவரும் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக ஆசிரியை. சேரும்போதே பட்டப்படிப்பு, பி.எட். சான்றிதழ்களின் ஒரிஜினலை வாங்கித் தாளாளர் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். பத்திரமாக இருக்குமாம். வேலையை விடுகிறேன் என்று நான்கு மாதம் நடையாய் நடந்து, தாளாளர் அறை வாசலில் நின்று கால் வீங்கி, வேலைநிறுத்தத்துக்கு முந்தின வாரம்தான் அவற்றை மீட்டிருந்தேன். அடுத்த மாதக் கடைசி என் கடைசி நாள். வீட்டு முன்னறையில் சொந்தமாக டியூஷன் நடத்த வெள்ளைப் பலகைகூட வாங்கி மாட்டிவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்கலாம் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வரும்.

ஐந்தாவது வாரம் சார் மறுபடி மாடியேறினார். அதே கேள்வி: செலவை யார் ஏற்பது? என் கணவர் அரசாங்கம் என்றார். சார் வரி கட்டும் நடுத்தர வர்க்கம் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இருவருக்கும் என் சம்பளத்தில் வாங்கிய பாலில் காபி கொடுத்தேன். அப்போது வீட்டில் வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் அது. தொண்டை கிழியக் கத்தினார்களே தவிர, ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்த சான்றிதழ் கவரை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

மறுநாள் தாளாளர் கவரை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, டீச்சர். இங்கேயே இருந்தா பத்திரமா இருக்கும்." என் ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போட்டு, பீரோவைப் பூட்டினார். சாவி திரும்பிய சத்தத்தில் கண்ணீர் வந்துவிட்டது, தூசி என்றேன்.

ஏழாவது வாரம் வேலைநிறுத்தம் வென்றது. பந்தலில் மாலை மரியாதை, வீட்டில் லட்டு. கீழ் வீட்டு சார் இரண்டு லட்டு சாப்பிட்டுவிட்டு, "பார்த்தீங்களா, யாருக்கும் பத்து பைசா செலவில்லாம முடிஞ்சுது. இன்சூரன்ஸாவது ஒண்ணாவது!" என்றார். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

பிறகு என்னிடம் பெரிய மனதோடு, "இனிமே நீ வேலைய விட்டுடலாம்" என்றார்.

போய்க் கேட்டேன். படிப்பாண்டு முடியட்டும், பார்க்கலாம் என்றார் தாளாளர்.

வெள்ளைப் பலகையில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்.