புது மேடைக்குச் சாம்பிராணி

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு, பினாங்கு கெலுகோரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் தொடங்கிய கதை இது. சமையலறையின் நடுவே ஒரு மேடை வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ‘ஐலண்ட்’ என்கிறார்களே, அதுதான். ஒரு பக்கம் நான் சமைக்க, எதிர்ப்பக்கம் உயரமான நாற்காலியில் என் மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். வேறு பெரிய கனவெல்லாம் இல்லை.

அதற்குள் என் உயிரை வாங்கிவிட்டார்கள். வேலையை எடுத்தவர் ஒரு சீனப் பெரியவர். நாளைக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். போனும் எடுக்கமாட்டார். வந்தால் அளவெடுப்பார், அளந்த தாளை எங்கோ தொலைத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் அளப்பார். வெள்ளைக் கல் கேட்டேன், சாம்பல் நிறத்தில் வந்து இறங்கியது. கணவரிடம் புலம்பினால், “ஐலண்டு கேட்டது நீ, நீயே பேசிக்க லா” என்று கைகழுவிவிட்டார்.

கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அடுப்பை மேடை மேல் வைத்து, காஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, அடியில் இருக்கும் அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். அலமாரிக் கதவு சுவரைப் பார்த்து அமைந்தது. அங்கே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். பெரியவர் தலையைச் சொறிந்தார். “அக்கா, சினி செம்பிட் லா. நந்தி தோங் சூசா,” என்றார். இடம் இடுக்கு, பிறகு தோங் மாற்றுவது கஷ்டம் என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். இரண்டு மாதம் இழுத்தடித்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரா? பின்பலகையை அடைப்பதற்கு முன்பே தோங்கை உள்ளே வைத்து டியூபை மாட்டிவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தீர்ந்தால் சாய்த்து வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். “ஓகே லா” என்று அவரும் பலகையை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து சமையலறையில் லேசாக ஒரு வாடை. புதுப் பலகையும் பசையும் அப்படித்தான் நாறும், இதிலுமா மட்டமான சரக்கு என்று எரிச்சல்பட்டேன். வெள்ளிக்கிழமை தூபக்காலில் நெருப்பு போட்டு, மேடையைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினேன். வாடை போகவில்லை. அடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் தாராளமாகவே காட்டினேன்.

மூன்றாவது வாரமே காஸ் தீர்ந்துவிட்டது. வழக்கமாக இரண்டு மாதம் வரும். தோங் போடும் அண்ணனுக்கு போன் செய்து, “என்ன அண்ணே, பாதி தோங்க குடுத்து ஏமாத்துறீங்களா?” என்று பொரிந்து தள்ளினேன். அவர் புதுத் தோங்கைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார்.

கதவு பாதிதான் திறந்தது. பழைய தோங் எப்படிச் சாய்த்தும் வெளியே வரவில்லை. தரையில் படுத்து உள்ளே தலையை நீட்டியவர், சட்டென்று எழுந்து ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். பிறகு எதிர்ப்பக்கம் போய், நாற்காலியை நகர்த்திவிட்டுப் பின்பலகையைக் கழற்றினார். தோங்குக்கும் பலகைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, நீளமாக வெடித்திருந்தது.

“வாடை வரலியாம்மா?”

“வந்துச்சி அண்ணே. பலகை வாடைன்னு நெனச்சி சாம்பிராணி போட்டேன்.”

அவர் நாற்காலியைக் காட்டி, “இங்க யாரு உக்காருவா?” என்றார். என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கொஞ்சம் முன்பு திருடனை ஏசுவது போல் நான் ஏசிய மனிதர், எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். “இதுல புதுசு மாட்ட மாட்டேன்மா. தோங்க வெளிய வைங்க,” என்று மட்டும் சொன்னார்.

பெரியவருக்கு போன் செய்தேன். அன்று அதிசயமாக முதல் மணியிலேயே எடுத்து, மதியமே வந்து நின்றார். அன்றைக்கே சொன்னேனே என்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். வெடித்த டியூபைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. “அனாக் ஓகே?” என்று என் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார். மாலைக்குள் தோங்கைப் பின்கட்டு பால்கனிக்கு மாற்றி, ஒழுங்கான குழாய் போட்டுக் கொடுத்தார்.

மகள் இன்றும் அங்கேதான் எழுதுகிறாள். யாருமே என் பேச்சைக் கேட்பதில்லை என்று இரண்டு மாதம் ஊரைத் திட்டித் தீர்த்த நான்தான், அவள் உயிருக்கு ஆபத்து வராமல் தடுத்திருக்கக்கூடிய, ஒரு மனிதர் சொன்ன ஒரே வார்த்தையைக் காதில் வாங்காமல் விட்டேன்.