மோட்டார் கொட்டகையில் குடியேறியது

வரிச்சிக்குடிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் தலையில் பாத்திரச் சாக்கு, அம்மாவின் இடுப்பில் தங்கை, என் கையில் மண்ணெண்ணெய் அடுப்பு. கடல் இரைச்சல் எப்போதோ நின்றுபோயிருந்தது.

எதற்காக ஊரைவிட்டுப் போகிறோம் என்பது எனக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் விசாரித்தவரிடம் அப்பா, "வீட்ட அலை எடுத்துருச்சுங்க" என்றார். பேருந்து நிறுத்தத்தில் கேட்டவரிடம், "மீன்பாடு இல்லைங்க." இரண்டும் நடந்ததுதான். ஆனால் வீடு போனபிறகும் கீற்றுக் கொட்டகை போட்டு அங்கேயேதான் இருந்தோம். மீன் குறைந்ததும் அப்பா சுருக்குமடி வலைப் படகொன்றில் கூலிக்குப் போனார். குஞ்சு மீனையும் வாரிவிடும் என்று ஊர் தடுத்திருந்த வலை அது. ஊர்க்கூட்டம் எங்களைத் தள்ளிவைத்தது. யாரும் பேசக்கூடாது, கடையில் உப்புகூடத் தரக்கூடாது. கூட்டத்தில் அதை எழுந்து சொன்னவர் பெரியப்பா. நாங்கள் கிளம்பியபோது அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

இருட்டுவதற்குள் படுக்க ஓர் இடம் வேண்டும். வரப்பில் நின்ற நிலக்காரரிடம் அப்பா வேலை கேட்டார்.

"கடக்கரைக்காரங்களா? சேத்துல நிப்பீங்களா?" என்று சிரித்தார் அவர். "ஏன் ஊர விட்டு வந்தீங்க?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்கள ஊர்ல தள்ளி வச்சிட்டாங்க."

அம்மா என்னைக் கிள்ளினாள். அப்பா சாக்கை மறுபடி தலைக்கு ஏற்றப் போனார்.

"அட இருங்க. அது உங்க ஊரு வழக்கு. எனக்கு நாத்து முத்திப்போவுது, ஆளு வேணும்" என்று மோட்டார் கொட்டகையைக் காட்டினார்.

உள்ளே மூன்று அடுப்புக்கல், துணி போடும் கயிறு. சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுகள்.

"இங்க இருந்தவங்க எங்கங்க?" என்றாள் அம்மா.

"ஆத்துல தண்ணி வரலல்ல, திருப்பூருக்குப் போயிட்டாங்க. இப்ப தண்ணி வந்துருச்சு, அவங்க வரல."

நான் அப்பாவிடம், "அவங்க வுட்டுட்டு ஓடுன எடத்துக்கு நாம ஏம்ப்பா வந்தோம்?" என்றேன்.

"அடுப்ப உள்ள வைடா."

அவர்கள் திருப்பூரில் இப்போது இருக்கும் வீட்டில் முன்பு யார் இருந்திருப்பார்கள், அந்த ஆட்கள் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்தேன். எங்கேயோ இடித்தது. பிறகு எத்தனையோ ஊர்களில் இப்படி யாரோ விட்டுப்போன இடத்தில் படுத்திருக்கிறேன், இன்னும் இடிக்கிறது.

மறுநாள் காலை நாற்றுக்கட்டு சுமக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நடவு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.