மசால் தோசை கேஸ்

பர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர் இருந்த காலத்தில் சேர்ந்து, அது ஹெச்.ஆர். ஆன பிறகு ஓய்வு பெற்றவன் நான். மைசூர் ஹெப்பாளில் ஒரே கம்பெனி, ஒரே நாற்காலி. சஸ்பென்ஷன் ஆர்டர், சார்ஜ் ஷீட் எல்லாம் என் கையால்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் ஒரு பக்கம் எழுதுவேன். அதற்கு ‘பிரைமா ஃபேசி நோட்’ என்று பெயர். கையில் இருக்கும் காகிதத்தை வைத்து, எதிராளி வாய் திறப்பதற்கு முன், முதல் பார்வைக்கு இது தப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் விசாரிக்கலாம், அவ்வளவுதான். தப்பு செய்துவிட்டான் என்று அதற்கு அர்த்தமில்லை. புதிதாக வரும் பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் சலிக்காமல் சொல்வேன். அப்படிப்பட்ட நானே குப்புற விழுந்த கதை இது.

ஜிபிஎஸ் தாள்

ஒரு மழை நாள். ஆட்களை வேலைக்கு ஏற்றி வரும் எங்கள் கம்பெனி பஸ், குவெம்பு நகர் ரூட்டின் நான்கு ஸ்டாப்புகளுக்கும் வரவே இல்லை. இருபது பேர் முக்கால் மணி நேரம் நனைந்தபடி நின்று, ஆட்டோ பிடித்து, தும்மிக்கொண்டே என் ரூமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு டீமே நேரத்துக்கு வராததால் அசெம்பிளி லைன் நின்றுபோனது. ப்ளாண்ட் மேனேஜர் போனில் கத்தினார்.

ட்ரைவர் மாதேஷ், ஹனூர்க்காரர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன் எடுத்துக் கொடுத்த ஜிபிஎஸ் தாளைப் பார்த்தேன். பஸ் ரூட்டை விட்டு விலகி ஒரு ரோட்டில் இருபத்தேழு நிமிஷம் நின்றிருந்தது. ஆளே ஏறாத காலி பஸ். எந்த இடம் என்று மேப்பில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைசூரில் எனக்கு மிகவும் பிடித்த தோசை ஹோட்டல் வாசல் அது. இடம் பிடித்து, ஆர்டர் கொடுத்து, ஒரு மசால் தோசையும் ஒரு காபியும் முடிக்க அங்கே சரியாக இருபத்தேழு நிமிஷம் ஆகும். இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய எக்ஸ்பர்ட் சாட்சி ஊரிலேயே கிடையாது.

மாதேஷைக் கூப்பிட்டேன். நேரே கேட்டேன்.

“நாலு ஸ்டாப்புல நிறுத்துனியா, இல்லையா?”

“இல்லீங்க சார்.”

“அந்த ரோட்டுல பஸ்ஸை நிறுத்துனியா?”

“நிறுத்துனேனுங்க.”

அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். ஏனப்பா, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அவசரம். பத்தே நிமிஷத்தில் நோட் தயார். ‘பிரைமா ஃபேசி, சொந்த வேலைக்காகப் பஸ்ஸைத் திருப்பியிருக்கிறார்’ என்று எழுதி, சஸ்பென்ஷன் ஆர்டரையும் கையில் கொடுத்து அனுப்பினேன். சாயந்திரத்துக்குள் ஆபீஸ் முழுக்க அது ‘மசால் தோசை கேஸ்’ ஆகிவிட்டது. பெயர் வைத்தவன் நான்தான்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மேனேஜர் டிஸ்மிஸ் செய்தே தீருவது என்று இருந்தார். ஐம்பதை நெருங்கும் ட்ரைவருக்கு, அதுவும் டிஸ்மிஸ் ஆனவருக்கு, இன்னொரு கம்பெனி எங்கே வேலை கொடுக்கும்?

செவ்வாய்க்கிழமை

விசாரணையில் கம்பெனி தரப்பை எடுத்துச் சொல்வதும் என் வேலை. ஹோட்டல் ஆள் ஒருவரைச் சாட்சிக்குப் பிடிக்கலாம், அப்படியே ஒரு தோசையையும் கவனிக்கலாம் என்று காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினேன். போனால் ஷட்டர் சாத்தியிருக்கிறது. ஷட்டர் மேலே பெரிய எழுத்தில், ‘செவ்வாய் விடுமுறை’.

அட, இன்றைக்குச் செவ்வாயா! வருஷக்கணக்காக வருகிற எனக்கு இது தெரியாதா என்ன? பசியில் மறந்துவிட்டேன். ஸ்கூட்டரைத் திருப்பும்போதுதான் ஒன்று உறைத்தது. மழை பெய்த அந்த நாள் என்ன கிழமை? பையிலிருந்த சார்ஜ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் செவ்வாய்.

பூட்டிய ஹோட்டலில் மாதேஷ் எந்தத் தோசையைத் தின்றார்? தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்தேன். சின்ன நர்சிங் ஹோம் ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாகத் தோசையைப் பார்த்த கண்ணில் அது பட்டதே இல்லை.

உள்ளே போய் ரிசப்ஷனில் கேட்டேன். அங்கிருந்த நர்ஸம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்டை அடைத்து இவ்வளவு பெரிய பஸ்ஸை நிறுத்தியதற்காக அந்த ட்ரைவரைத் திட்டியிருக்கிறார். ரோடு பெருக்கிக்கொண்டிருந்த கார்ப்பரேஷன் பௌரகார்மிகப் பெண்மணியை பைக்காரன் ஒருவன் இடித்துவிட்டு ஓடிவிட்டான். மாதேஷ் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். போலீஸ் கேஸ் என்பதால் ரிஜிஸ்டரில் எழுதி முடிக்கும்வரை மாதேஷைப் போகவிடவில்லை. பஸ் நம்பர்கூட அதில் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

மாதேஷைக் கூப்பிட்டு, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வெளியாளுக ஆரையும் ஏத்தக்கூடாது, ஏத்துனா வேலை போயிரும்னு பஸ்ஸுக்குள்ள நோட்டீஸ் ஒட்டியிருக்குதுங்க சார். கீழ உங்க கையெழுத்துதானுங்களே இருக்குது.”

ஸ்டாப்பை விட்டதற்குக் காரணம் சொன்னால் அதைவிடப் பெரிய குற்றத்தில் மாட்டுவார். அப்படி ஒரு பொறியை நானே வைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேனேஜரிடம் போனேன். எதிர்பார்த்தபடியே, அப்படியானால் இன்னொரு சார்ஜும் சேருங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுவதும் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்கு ஒரு தடவைதான். ஸ்டாப்பில் நிற்பது அவர் கடமை, வெளியாளை ஏற்றாமல் இருப்பதும் கடமை, ரோட்டில் ரத்தத்தோடு கிடப்பவரைத் தூக்குவதும் கடமை. மூன்றும் ஒரே நிமிஷத்தில் வந்து நின்றால் எது முதலில் என்று நம் ஸ்டாண்டிங் ஆர்டரில் எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் என் கையிலிருந்த சார்ஜ் ஷீட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். காலில் ப்ளேட் வைத்திருக்கிறார்கள், பிழைத்துவிட்டார் என்றேன். சார்ஜை வாபஸ் வாங்கும் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இனிமேல் உங்கள் நோட்டோடு ஹோட்டல்களின் வார விடுமுறைப் பட்டியலையும் இணையுங்கள் என்று ஒரு குத்தும் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

நான்கு ஸ்டாப்

மாதேஷ் திரும்பி வந்த முதல் நாள் நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். நான்கு ஸ்டாப்பில் ஒவ்வொன்றிலும் அவர் எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய், அங்கே நின்றவர்களிடம் அன்றைக்கு மழையில் நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பஸ் லேட்டாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஸ்டாப்பில் எனக்குப் பொறுக்கவில்லை.

“உன் மேல தப்பே இல்லைன்னு ஆர்டரே போட்டாச்சேப்பா மாதேஷா. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

“தப்பில்லீங்க சார். இன்னொருக்கா அப்பிடி ஆனாலும் அதயேதான் செய்வேனுங்க. ஆனா இவிங்க நனைஞ்சது நனைஞ்சதுதானுங்களே.”

சாயந்திரக் காலேஜில் லேபர் லா படித்தபோது ஒரு லெக்சரர், கடமையிலும் பிரைமா ஃபேசி உண்டு, பெரிய கடமை வந்தால் சின்னது வழிவிடும், ஆனால் காணாமல் போகாது என்று ஏதோ நடத்தினார். அன்றைக்கு நல்ல தூக்கம். பாக்கிப் பாடத்தை மாதேஷ் பஸ்ஸை நிறுத்தி நடத்தினார்.

நான்காவது ஸ்டாப் வருவதற்குள் என்னால் உட்கார முடியவில்லை. என் நோட்டில் ஒரு எழுத்துத் தப்பில்லை. கையில் இருந்த தாளுக்கு அதுதான் சரி. ஆனால் பதினோரு நாள் ஒரு மனுஷன் வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததும் உண்மைதானே? எழுந்து ட்ரைவர் சீட் பக்கம் போனேன். எல்லோரும் கேட்கும்படியே சொன்னேன்.

“பதினோரு நாள் உன்னை வீட்ல உட்கார வெச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு மாதேஷா.”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

“அந்த ஜிபிஎஸ் தாளப் பாத்திருந்தா நானே என்னைய சஸ்பெண்ட் பண்ணியிருப்பேனுங்க சார்,” என்றார். “ஆனா சாப்புட்டியான்னாவது கேட்டிருப்பேன்.”

பஸ்ஸே சிரித்தது. நான் திரும்பி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, எதிரில் நின்றவரிடம் ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்காமல் ஒரு நோட்டும் எழுதவில்லை.