இரண்டு அங்குலத் தண்டு

இசக்கியப்பன் குற்றாலத்தில் இருபது வருடம் ரோஜா வளர்த்தார். அந்த இருபது வருடத்தில் தான் வேலை பார்த்த பங்களாவிலிருந்து தன் வீட்டுக்கு ஒரு பூக்கூடக் கொண்டுவந்ததில்லை.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் எஸ்டேட் முதலாளி ஒருவரின் பங்களா இருந்தது. 1941 ஜூனில் அங்கே தோட்டக்காரராகச் சேர்ந்தார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த சிறு வீடு அவருடையது. வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. ஊரின் மழைமானியைத் தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்துக் குறிப்பது என் வேலை. அதனால் மற்றவற்றையும் தேதி போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பேச்சுகளைக் குறித்துவைப்பதில்லை. இதில் வரும் பேச்செல்லாம் நினைவிலிருந்து எழுதுவது.

பங்களாத் தோட்டத்திலும் மழை படாத கண்ணாடிக் கூடத்திலும் பல வகை ரோஜாக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை முதலாளி ஹைபிரிட் டீ என்பார். இசக்கியப்பன் பால்ரோஸ் என்பார். தண்டுக்கு ஒரே பூ. நீளமான மொட்டு. விரிந்தால் சங்கின் உட்புறத்து வெளிர்சிவப்பு. முகர்ந்தால் புதுத் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்த வாசம். முதலாளி வந்து தங்கும் நாட்களில், ஒன்றரை அடித் தண்டோடு வெட்டிக் கண்ணாடிக் குவளையில் வைக்க வேண்டும். இல்லாத நாட்களில் பூ செடியிலேயே உதிரும்.

1952இல் ஒரு நாள் இசக்கியப்பனின் மனைவி மாரித்தாய் கேட்டது வேலி தாண்டி என் காதில் விழுந்தது.

"உதிர்ந்துதானே போவுது? ஒண்ணே ஒண்ணு கொண்டாங்களேன். தலையில வச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்."

"அது நம்ம பூ இல்லட்டி."

மாரித்தாய் மறுபடி கேட்கவில்லை. 1955 நவம்பரில் காய்ச்சலில் இறந்துபோனார். மகள் தங்கத்தாய்க்கு அப்போது பன்னிரண்டு வயது.

1958 ஜனவரியில் இசக்கியப்பன் என்னிடம் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து எரிக்கப்போகும் பால்ரோஸ் குச்சிகளில், ஒட்டுக் கட்டினால் துளிர்க்கும் கண் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள முதலாளி அனுமதி தர வேண்டும் என்று.

"எரிக்கப்போற குச்சிக்கு மனு எதுக்குவே?" என்றேன்.

"எழுதுங்க அண்ணாச்சி."

பதினோராம் நாள் கார்டில் பதில் வந்தது. எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார். வீட்டு முன்னால் ஒன்பது அடிக்கு ஆறடி இடம். அங்கே நின்ற நாட்டு ரோஜாவில் கண்ணைச் செருகி வாழைநாரால் கட்டினார். இருபத்திரண்டாம் நாள் துளிர்த்தது. செடி தேறட்டும் என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் வந்த மொட்டையெல்லாம் கிள்ளிவிட்டார். 1960 ஜனவரி 11இல் கவாத்துச் செய்து, மொட்டைக் கிள்ளாமல் விட்டார்; பிப்ரவரி 24இல் முதல் பூ விரிந்தது. நாற்பத்துநாலு நாள்.

அதை வெட்டிக்கொண்டு மகளிடம் போனார். தங்கத்தாய் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள்.

"அம்மை கேட்டப்ப இல்லாத பூவு எனக்கு எதுக்குப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். பூ பித்தளைச் செம்பில் ஐந்து நாள் இருந்தது.

"அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார் என்னிடம். அடுத்த இரண்டு கவாத்துப் பூக்களும் செம்புக்கே போயின. அவற்றின் நாள்கணக்கையும் குறித்துவைத்தேன்: நாற்பத்தைந்து, நாற்பத்தாறு.

1961 ஆனியில் தங்கத்தாய்க்குச் சுந்தரபாண்டியபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வீரபாகு என்று பெயர். போலீஸில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நிச்சயம் முடிந்த மறுநாள் இசக்கியப்பன் வேலியருகே வந்து நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, பிள்ள சொல்லிட்டா. கலியாணத்தன்னைக்கு அந்தப் பூவ வைக்காளாம். ஒரே ஒரு நாளு வைக்கேன்னுட்டா. ஆவணி எட்டாந்தேதி காலையில விரியணும். என்னைக்குக் கவாத்து பண்ணட்டும்?"

நோட்டைப் புரட்டினேன். நாற்பத்துநாலு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. சராசரி நாற்பத்தைந்து. ஆவணி எட்டு என்பது ஆகஸ்டு 24. பின்னோக்கி எண்ணி, ஜூலை 10, திங்கட்கிழமை என்று சொன்னேன்.

"ரெண்டு நாளு முன்னால பண்ணினா என்ன?"

"முன்னால விரிஞ்சா உதிர்ந்துபோவும். கணக்கு சரியா இருக்குவே."

ஜூலை 10 காலை ஏழு மணிக்கு அவர் வெட்டினார். நானும் கூட நின்றேன்.

தவறு என்னுடையது. அந்த மூன்று கணக்குகளும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே எடுத்தவை, வெயில் மாதங்கள். ஆனி, ஆடிச் சாரலில் அந்தச் செடி பூத்து நான் பார்த்ததே இல்லை. ஜூலை 10 முதல் ஆகஸ்டு 20 வரை நாற்பத்திரண்டு நாளில் முப்பத்தொரு நாள் மழைமானியில் தண்ணீர் இருந்தது. தினமும் காலையில் அந்தத் தண்ணீரை அளந்து எழுதியவன் நான்தான். அளக்கும்போது ஒரு நாள்கூட எனக்குச் செடியின் நினைவு வரவில்லை.

முப்பதாம் நாள் மொட்டு வந்தது, ஒன்றே ஒன்று. நாற்பதாம் நாள் அது சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நனைந்தால் இதழ் ஒட்டிக்கொண்டு விரியாமலே அழுகிவிடும் என்று, இசக்கியப்பன் தன் குடையை மூங்கில் கழியில் கட்டிச் செடிமேல் நிறுத்தினார். தான் நனைந்துகொண்டே வேலைக்குப் போய்வந்தார்.

"செடிக்குக் குடை, மனுசனுக்கு மழை. நல்லாருக்குவே ஒம்ம நியாயம்!" என்று பங்களா சமையல்காரர் பரீது சிரித்தார்.

கல்யாணத்தன்று விடியற்காலை நான் போனபோது, பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கியப்பன் புதுவேட்டியோடு செடி முன்னால் நின்றார். மொட்டின் நுனியில் வெளிர்சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

"கணக்கு தப்பிட்டு. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"அது என்ன செய்யும் அண்ணாச்சி? வெயில் இல்லல்லா" என்றார். கையில் கத்தரி இருந்தது.

பரீது பங்களாப் பக்கமிருந்து வேகமாக வந்தார். "ஏன்வே, கண்ணாடிக் கூடத்துல தொட்டிச் செடியில ரெண்டு பால்ரோஸ் விரிஞ்சு நிக்கி. மொதலாளி போயி ஒம்பது நாளாச்சு. சாவி ஒம்ம மடியில. ஒண்ணு வெட்டிட்டு வாரும். கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

நானும் அதையே நினைத்தேன்.

இசக்கியப்பன் மடியைத் தொட்டுப் பார்த்தார். சாவியை எடுக்கவில்லை.

தங்கத்தாய் வாசல்படியில் நின்றிருந்தாள். முகத்தில் மஞ்சள் காயவில்லை. எப்போது வந்தாள் என்று தெரியாது.

"போவலையாப்பா?"

"அது நம்ம பூ இல்லம்மா."

மாரித்தாயிடம் சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கத்தாய் ஈரத்தில் இறங்கி வந்தாள். குடைக்கடியில் எட்டி மொட்டைப் பார்த்தாள்.

"இது நம்மதுதானே?"

"இது நம்மதுதான், தாயி."

"அப்ப அவசரம் என்ன? ஞாயித்துக்கெழம மறுவீட்டுக்கு வருவம்லா, அன்னைக்கு வச்சிக்கிடுதேன். அது வரைக்கும் யாருக்கும் வெட்டிக் குடுத்திராதீய." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, ஞாயித்துக்கெழம விரியுமா? இல்ல அதுவும் ஒங்க கணக்குதானா?" என்றாள்.

"நான் இனிமே வாயத் தொறக்கமாட்டேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தலையில் பிச்சிப்பூவோடு கல்யாணம் நடந்தது.

வெள்ளியும் சனியும் மழை இல்லை. ஞாயிறு, ஆகஸ்டு 27, நாற்பத்தெட்டாம் நாள். பத்து நாற்பதுக்கு மறுவீட்டு வில்வண்டி வந்து நின்றது. பூ முழுதாக விரிந்திருந்தது.

இசக்கியப்பன் வெட்டினார். கை பழகிய வழக்கப்படி ஒன்றரை அடித் தண்டோடு வெட்டிவிட்டார். அதை வைத்துக்கொண்டு மகள் முன்னால் நின்றபோது, என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகக் குவளைக்கு வெட்டியவர். தலையில் வைக்கும் அளவுக்குக் குறுக்கி வெட்டியதே இல்லை.

"எம்புட்டுத் தண்டு வேணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தங்கத்தாய் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் விரித்துக் காட்டினாள். இரண்டு அங்குலம் இருக்கும். அவர் மறுபடி வெட்டி நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி நின்றுகொண்டாள்.

"நீங்களே வச்சு விடுங்கப்பா."

வைக்க வெகுநேரம் ஆனது. வீரபாகு பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "மாமா, பூவு கோணலா இருக்கு" என்றார்.

"கோணலாவே இருக்கட்டும்" என்றாள் தங்கத்தாய். பிறகு அதைச் சரிசெய்யவே இல்லை.

மீதித் தண்டு தரையில் கிடந்தது. இசக்கியப்பன் குனிந்து எடுத்துப் பார்த்தார். நாலு கண் இருந்தது. ஈரத்துணியில் சுற்றிச் சுந்தரபாண்டியபுரத்து வண்டியில் வைத்தார்.