அவள் திரும்பிப் பார்த்த பெயர்

மகளுக்குப் பத்து மாதமானபோது என் விடுப்பு முடிந்தது. நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டுக்கு ஆள் வரவழைத்தால் மாதம் பன்னிரண்டாயிரம், சாப்பாடு தனி. தில்லைநகரில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் காப்பகத்தில் ஒன்பதாயிரம். கேமரா உண்டு, செல்போனிலேயே பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுத்த தெருவில் தனியாக இருந்த ஓர் அம்மா கேட்டது நாலாயிரம். வீட்டுக் கடன் போக, அதுதான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

"பால் மட்டும் குடுத்துட்டுப் போங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். சாயங்காலம் போனால் குழந்தை குளித்து, பவுடர் பூசி, வயிறு நிறைந்திருப்பாள். ஒன்றுதான் உறுத்தியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. காதில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டினோம். நன்றாகக் கேட்கிறது என்றார்.

ஒருநாள் அலுவலகத்தில் கரண்ட் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த அம்மா ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார். என் மகள் சட்டென்று திரும்பி, சிரித்தபடி தவழ்ந்து போனாள். அவள் போட்டிருந்த கவுன் நாங்கள் வாங்கியதில்லை. மடிப்பெல்லாம் பழுத்துப்போன பழைய துணி.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அது யார் பேருங்க?"

"எம் பொண்ணு பேரும்மா. ஒரு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. நானும் அப்ப வேலைக்குப் போயிட்டிருந்தேன். பாத்துக்கிட்டவங்க, காய்ச்சல்னு சாயங்காலம் நான் வந்தா சொல்லிக்கலாம்னு இருந்துட்டாங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கவுனை மறுநாள் துவைத்து, கணவரிடம் கொடுத்தனுப்பினேன்.

"நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க? பேருதானே?" என்றார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. குழந்தை காப்பகத்துக்குப் போனாள். அலுவலகத்தில் வேலைக்கு நடுவே செல்போனில் பார்ப்பேன். மற்ற குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஆயா கூப்பிடுவது தெரியும். அவள் திரும்புவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் கடைக்குப் போயிருந்தார். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். பால் வேண்டாம், பொம்மை வேண்டாம், என் தோளும் வேண்டாம். களைத்துப்போய், என்னை அறியாமல் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அழுகை நின்றது. திரும்பிப் பார்த்தாள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

வாரி அணைத்துக்கொண்டேன். யாரைத் தூக்கியிருக்கிறேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. கணவரிடம் இதை நான் இன்றுவரை சொன்னதில்லை.