ஆறு மணிக்கு வரும் பயம்

போன ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் எங்கள் கவிதைக் கூட்டம். மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கவிதை பேசுவோம். அதாவது, எழுதியவரைத் தவிர எல்லோரும் பேசுவோம்.

அன்றைய கவிதை எஸ்தர் டீச்சருடையது. ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் வகுப்பு எடுப்பவர். அவர் கணவர் ஜேக்கப், ரயில்வே ஹெட்கிளார்க், கோட்டும் டையுமாக முன்வரிசையில் இருந்தார்.

தலைப்பு ‘பயம்’. நாலே வரி.

பயம் ஆறு மணிக்கு வரும்.
செருப்பைக் கழற்றும்.
காபியைத் தொட்டுப் பார்க்கும்.
ஆறியிருந்தால் கதவைச் சாத்தும்.

விடுவோமா நாங்கள்?

“பயம் அருவம். அதற்குக் காலேது, செருப்பேது? செருப்பு என்பது பற்று” என்றார் பண்டிதர்.

“பயம்னா சர்க்கார்” என்றார் வக்கீல் — ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி.

நான் சும்மா இருப்பேனா? “ஆறு மணி என்பது வாழ்வின் அந்திப்பொழுது” என்றேன். கைதட்டினார்கள். ஜேக்கப்பும் தட்டினார்.

கடைசியில் பண்டிதர் பெரிய மனது பண்ணி, “டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. இந்தப் பயம் யாரு?” என்று கேட்டார்.

டீச்சர் எழுந்தார். “ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு ஒருத்தர்தாங்க வருவாரு.”

எல்லோரும் ஜேக்கப்பைப் பார்த்தோம். ஜேக்கப் சிரித்தார். “சும்னே... சும்மா எழுதினது சார். வீட்டுக்குப் போய் நான் அர்த்தம் கேட்டுக்கறேன்.”

“நான் வீட்டுக்கு வரல” என்றார் டீச்சர். “ஒக்கலிபுரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

ஜேக்கப் பாதி எழுந்தார். இத்தனை பேர் பார்க்கிறார்களே... உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல டீச்சருக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அது எனக்கு உறைத்தது, பஸ்ஸில் பாதி வழி போன பிறகு.

நண்பரின் மனைவி அதுவரை உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர். கவிதையில் ஒரு வரிகூட அலசாதவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “வாங்க, நானும் வரேன்” என்றார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். டீச்சர் இப்போது தங்கை வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாராம்.

நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? பஜ்ஜி சாப்பிட்டோம். ஜேக்கப் எதிரே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிதர் கூட்டக் குறிப்பு எழுதினார்: ‘இக்கவிதையில் வரும் பயம் எவரையும் குறிப்பதன்று என ஏகமனதாக முடிவாயிற்று.’

கீழே முதல் கையெழுத்து என்னுடையது.